‘ஏன்’ என்கிற கட்டம்

கட்டுகளைப் பிரித்து வைத்தது யார் என்பதில்தான் அம்சவேணிக்கு முதல் சந்தேகம் விழுந்தது. மேஜையைச் சுற்றி ஆறு டீச்சர்கள், ஆளுக்கொரு கட்டு விடைத்தாள். பார்வைக்கு எல்லாம் ஒரே உயரம்தான். ஆனாலும் தாரிணி மற்றவர்களுக்கெல்லாம் நின்ற இடத்திலிருந்தே நீட்டிவிட்டு, இவளுக்கு மட்டும் மேஜையைச் சுற்றி வந்து, "இது உங்களுக்கு மேடம்" என்று இரண்டு கையாலும் வைத்துவிட்டுப் போனாள். மற்றவர்களெல்லாம் அக்கா, சார். இவள் மட்டும் மேடம். மரியாதை என்று வெளியில் இருக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்குள் இத்தனை வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்துத் தேய்ந்தவளுக்குத் தெரியாதா, ஒருத்தரை வெட்டுவதற்கு முன்னால்தான் நிர்வாகம் மேடம் என்று கூப்பிடும். சுசீலா டீச்சரை எல்.கே.ஜி.க்கு மாற்றின வாரம் பூராவும் மேடம், மேடம் என்றுதானே தாங்கினார்கள். சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் பாதிக்கு மேல் வீட்டுக்குப் போய்விட்டார்கள், லைப்ரரியில் ஏ.சி. போட்டிருக்கிறார்கள், டீச்சர்களுக்காக இந்தப் பள்ளிக்கூடத்தில் ஏ.சி. போட்டு அவள் பார்த்ததில்லை. அதுவும் ஒரு கணக்குத்தான். ஏ.சி. காற்று நேராக அவள் கழுத்தில் விழுகிற மாதிரி நாற்காலி போட்டதும் ஒரு கணக்குத்தான். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கட்டை உடனே தொடாமல், மேல் தாளின் நம்பரை மட்டும் பார்த்தாள். பேர் எழுதின ஓரத்தை மடித்து, பின் அடித்து, மேலே சிவப்பில் ஒரு நம்பர். யாருடைய தாள் யாரிடம் போகிறது என்று யாருக்கும் தெரியாதாம். யாருக்கும் என்றால் தாரிணியைத் தவிர யாருக்கும்.

விஷயம் இவ்வளவுதான். வருகிற ஜூனிலிருந்து ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு மார்க்கு கிடையாது, ரேங்க் கிடையாது. நாமக்கல் ஜில்லாவில் இருந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடம் ரேங்க் கிடையாது என்கிறது. காலம் எங்கே போகிறது பாருங்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை எதையெதைக் கற்றிருக்க வேண்டும் என்று இலக்கு இலக்காகப் பிரித்து, ஒவ்வொரு இலக்குக்கும் நாலு நிலை. ஒன்று என்றால் தொடக்கம், இரண்டு வளர்கிறது, மூன்று எட்டியது, நாலு மிஞ்சியது. ஒரு பிள்ளை கணக்கில் எழுபத்தெட்டு என்று சொல்லாமல், பின்னம் வகுத்தலில் மூன்று, கோணம் அளப்பதில் இரண்டு என்று சொல்ல வேண்டும். இதைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தவள் தாரிணி, முப்பதுகூட முடியாத பெண், போன வருஷம்தான் ஒருங்கிணைப்பாளர் என்று சேர்ந்தாள், கரஸ்பாண்டென்ட் ஐயா அவள் சொன்னால் சரி என்கிறார். இலக்குகளை எழுதுகிற குழுவில் கணக்குக்கு அம்சவேணியையும் போட்டார்கள். ஏன் போட்டார்கள்? அதிலேயே அவளுக்கு ஒரு வாரம் தூக்கம் போயிற்று. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவள் என்பதால், பின்னங்களை வகுப்பார், தசமத்தைப் பெருக்குவார் என்று அழகாக எழுதிக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது எல்லா வரியின் கடைசியிலும் தாரிணி ஒரு சொல் சேர்த்திருந்தாள். வகுப்பார், ஏன் என்று விளக்குவார். பெருக்குவார், ஏன் என்று விளக்குவார். அந்த ‘ஏன்’ தனக்காகவே வைக்கப்பட்டது என்று அம்சவேணிக்கு அன்றைக்கே பட்டது. ஏனென்றால் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் தாரிணி அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, பிள்ளைகள் கோரஸாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு, சிரித்தாளா இல்லையா என்று தெரியாத மாதிரி ஒரு முகத்தோடு எழுந்து போயிருந்தாள்.

இன்றைக்கு ஒத்திகை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே ஒரு கேள்வி கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஒன்றரையைக் காலால் வகுத்துக் காட்டு, வகுத்த பிறகும் விடை ஏன் பெரிதாக வருகிறது, உனக்கு வருகிற மாதிரி தமிழிலோ இங்கிலீஷிலோ எழுது. டீச்சர்கள் தாளைப் பார்த்து நிலை போட வேண்டும். அப்புறம் பின்னைப் பிரித்து, ஆளுக்கு ஒரு தாளை எடுத்து, ஏன் அந்த நிலை போட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் மூன்று பிரிவுக்கும் கணக்கு அம்சவேணிதான். ஆக, ஆறு கட்டும் அவள் பிள்ளைகளுடையதுதான். ஆக, இது பிள்ளைகளுக்கு வைத்த பரீட்சை இல்லை. இதைச் சொன்னது பக்கத்து நாற்காலி சயின்ஸ் ரத்தினவேலு சார். காலையில் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் சொன்னார்: "சேலத்துல ஒரு ஸ்கூல்ல இப்படித்தான் ஆரம்பிச்சாங்களாம் டீச்சர். எந்த டீச்சர்கிட்ட ஒண்ணு, ரெண்டு ஜாஸ்தி வருதுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திப் பார்த்துப்போட்டு, ரெண்டு பேரைப் பிரைமரிக்குத் தள்ளிட்டாங்களாம்." யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, எல்லாரும் சொல்றாங்க என்றார். எல்லாரும் சொல்கிற ஒரு விஷயம் நமக்கு மட்டும் கடைசியில் வந்து சேர்ந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றாம் வகுப்புக்குப் போய் எண்ணும் எழுத்தும் நடத்துவதா? எம்.எஸ்ஸி. படித்தவள். கணக்கு டீச்சர் என்று கடைத்தெருவில் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற ஊரில், அம்சவேணியைக் கீழே இறக்கிட்டாங்க என்று கேட்டுக்கொண்டு இருப்பதா? அதற்கு வீட்டில் சும்மா இருக்கலாம். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், அது வேறு.

முதல் தாளை எடுத்தாள். ஒன்றரையைக் காலால் வகுக்க, மூன்றின் கீழ் இரண்டு, பெருக்கல், நாலின் கீழ் ஒன்று, விடை ஆறு. ஸ்டெப் ஸ்டெப்பாக, சமக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்று கயிறு கட்டின மாதிரி நேராக. பார்க்கவே நெஞ்சு நிறைந்தது. கீழே ‘ஏன்’ என்கிற கட்டம். அதற்குள்: குறியை மாத்து, பின்னத்தைக் கவுத்து, மேலயும் பெருக்கு கீழயும் பெருக்கு. அவள் சொல்லிக்கொடுத்ததுதான். எழுத்துக்கு எழுத்து அதுதான். அவள் நிமிர்ந்து யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். இரண்டாவது தாள். குறியை மாத்து, பின்னத்தைக் கவுத்து. மூன்றாவது தாள். ஒரு பிள்ளை இங்கிலீஷ் எழுத்தில் ‘குறியை மாத்து’ என்று எழுதியிருந்தது. நாலாவது, ஐந்தாவது. அவள் வகுப்பறையில் கையைத் தட்டித் தாளம் போட்டுச் சொல்லித்தருவாள், மாத்து என்னும்போது ஒரு தட்டு, கவுத்து என்னும்போது உள்ளங்கையைத் திருப்பி ஒரு தட்டு, அறுபது பிள்ளைகளும் உள்ளங்கையைத் திருப்பும்போது அந்தச் சத்தமே தனி. இப்போது அந்தச் சத்தம் இந்த ஏ.சி. அறைக்குள் தாளுக்குத் தாள் கேட்டது, அவளுக்குப் பெருமையாக இருக்க வேண்டியது, ஆனால் கழுத்துக்குப் பின்னால் சில்லென்று இருந்தது. தாரிணி தயாரித்த அளவுகோல் தாள் பக்கத்திலேயே இருக்கிறது: விடை சரி, காரணம் சொல்லவில்லை என்றால் இரண்டு. இது காரணமா இல்லையா? காரணம் இல்லை என்றால் இத்தனை பேருக்கும் இரண்டு போட வேண்டும், போட்டால் கம்ப்யூட்டரில் அவள் பேருக்கு நேரே இரண்டு, இரண்டு, இரண்டு என்று கொட்டும். காரணம்தான் என்று மூன்று போட்டால், சொந்தப் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டினாள் என்பாள். எப்படி விழுந்தாலும் அடி படுகிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் இந்தப் பெண். ஏன் பெரிதாக வருகிறது என்றால் கவிழ்த்துப் பெருக்கினால் பெரிதாகத்தான் வரும். இதில் என்ன ஏன்? அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஏன் என்று கேட்டாரா? அவரிடம் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் பிரம்பு உடைந்திருக்கும். அவள் மூன்று போட்டாள். மூன்று, மூன்று, மூன்று. ஓரத்தில் பென்சிலால் சின்னதாகத் தொண்ணூற்றெட்டு என்று போட்டுப் பார்த்துவிட்டு ரப்பரால் அழித்தாள். பக்கத்தில் ரத்தினவேலு சாரும் ஒரு துண்டுக் காகிதத்தில் நூற்றுக்கு எத்தனை என்று முதலில் மார்க்கு போட்டு, தொண்ணூறுக்கு மேல் நாலு, எழுபதுக்கு மேல் மூன்று என்று மாற்றிக்கொண்டிருந்தார். மேஜையில் எல்லாருமே அதைத்தான் செய்கிறார்கள் என்பது ரப்பர் துகள்களைப் பார்த்தாலே தெரிந்தது. மார்க்கை ஒழிக்கிற ஒத்திகையிலேயே ஆறு பேர் திருட்டுத்தனமாக மார்க்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது. மிருதுளா. அவள் பெண் மிருதுளாவும் ஏழாவது ‘பி’ தானே. பாப்பாவின் தாள் இந்த ஆறு கட்டில் எதிலோ இருக்கிறது. எதிலோ என்ன எதிலோ, அதற்குத்தானே மேஜையைச் சுற்றி வந்து வைத்தாள்! இது உங்களுக்கு மேடம். பாப்பாவின் தாளை அம்மாவின் கட்டில் செருகி, அம்மா என்ன போடுகிறாள் என்று பார்க்கப் போகிறாள். நாலு போட்டால் மாட்டினாள். அம்சவேணிக்கு இப்போது உடம்பு சூடாகிவிட்டது, முந்தானையைத் தளர்த்திக்கொண்டாள். கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அதற்கேற்ற மாதிரி போட்டுக்கொள்ளலாம். ஆனால் எப்படி? இந்தப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கென்று தனி வகுப்பு, ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சாய்வு, ஒரே உருட்டல், ரிசல்ட் நோட்டீஸில் படம் போட்டு விளம்பரம் செய்கிற கையெழுத்து. பெற்றவளுக்கே பிள்ளையின் எழுத்து எது என்று தெரியவில்லை. பாப்பா வீட்டில் எழுதுவதில் பிசிறு இருந்தால் பக்கத்தைக் கிழித்துத் திருப்பி எழுத வைப்பாள், பாப்பாவின் ரஃப் நோட்டை அம்சவேணி திறந்து பார்த்ததே இல்லை, ஃபேர் நோட்டுத்தான் அவளுக்குப் பிள்ளை. விடைக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போடச் சொல்லியிருக்கிறாள். எழுபத்தொன்றாம் நம்பர் தாளில் இரட்டைக் கோடு இருந்தது. பளிச்சென்று இருந்தது. ‘கவுத்து’ என்பதற்கு அடியிலும் ஒரு கோடு. இதுதான், இதுதான் பாப்பா, வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாலு போடக் கை போனது. இல்லை, பார்க்கிறார்கள். மூன்று போட்டாள். எல்லாருக்கும் போட்டதுதானே, யார் என்ன சொல்ல முடியும். கண்டுபிடித்துவிட்ட நிம்மதியில் மீதித் தாள்களை வேகமாகப் புரட்டினாள், அதற்குப் பிறகு அவள் பெண்ணைத் தேடவே இல்லை.

கட்டின் அடியிலிருந்து ஒரு தாள் வந்தது, அதைப் பார்த்ததும் கை நின்றது. ஸ்டெப் இல்லை. ஒரு சமக்குறி இல்லை. மேலே மொட்டையாக ஆறு. ‘ஏன்’ கட்டத்தைத் தாண்டி அரைப் பக்கத்துக்கு ஒரு படம்: வாய் அகன்ற பாத்திரம், அதில் பாதிக்கு மேல் எதையோ கோடு போட்டு நிரப்பியிருக்கிறது, பக்கத்தில் நீளக் காம்போடு ஒரு கரண்டி, கீழே ஆறு வட்டம். அதற்கடியில் சாய்வும் இல்லாமல் உருட்டலும் இல்லாமல் அவசரமாக, நெட்டுக்குத்தாக எழுத்து. ‘மாவு கூடலை. அதே மாவுதான். கரண்டி சின்னதா ஆனா தோசை ஜாஸ்தி வருது. ஒரு கரண்டிக்குக் கால் எடுத்தா ஒன்றரைக்கு ஆறு தரம் எடுக்கலாம். வகுக்கறதுன்னா எத்தனை தரம் எடுக்கலாம்னு கேக்கறது. அதனால பெருசா வருது.’ அம்சவேணி ஒரு தடவை படித்தாள். காலையில் கேஸை அணைத்தேனா? ரெகுலேட்டரைத் திருகின ஞாபகம் இருக்கிறது. அது இன்றைக்கா, நேற்றா? திரும்பவும் படித்தாள். எந்தப் பிள்ளை கணக்குப் பேப்பரில் தோசை வரையும்? இந்த எழுத்தே இந்தப் பள்ளிக்கூடத்து எழுத்து இல்லை. பெரியவர்கள் யாரோ சின்னப் பிள்ளை மாதிரி எழுதப் பார்த்தால் இப்படித்தான் நெட்டுக்குத்தாக வரும். கேஸ். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பா அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, பெரிய கரண்டியை வைத்துவிட்டு நெய்க் கரண்டியால் மாவை எடுத்துச் சின்னச் சின்னதாக ஊற்றிக்கொண்டு, அம்மா இங்க பாரேன், அம்மா இங்க பாரேன் என்று கத்திக்கொண்டிருந்தது, இவள் ஜூன் மாதத்து இலக்குகளை டைப் அடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய், கேஸ் என்ன சும்மாவா வருது, விளையாட இதுதான் இடமா என்று கரண்டியைப் பிடுங்கினாள். அதிலிருந்துதான் கேஸ் நினைப்பு ஓயாமல் வருகிறது. அணைத்திருப்பாள். இந்தத் தாள் தாரிணி எழுதினது. இல்லாவிட்டால் யாரையாவது விட்டு எழுத வைத்தது. சோதனைக்கு ஒன்றிரண்டு மாதிரித் தாள் கலந்து வைப்பார்கள் என்று ரத்தினவேலு சார்கூடச் சொன்னார். இவள் மூன்று, நாலு என்று அள்ளிப் போட்டால், பார்த்தீர்களா மேடம், நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், இதுதான் விளக்கம், அப்படியானால் மற்றதெல்லாம் என்ன என்று கேட்பாள். கெட்டிக்காரி. மாவு கூடலை. படித்துவிட்டு மூடினாலும் அது கண்ணுக்குள் நின்றது. அதே மாவுதான். இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்கு இதை இப்படிச் சொன்னதில்லை, ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஓ, அதனால்தானா என்று அவளுக்குள் எதுவோ எழுந்து உட்காரப் பார்த்தது. அதை அவள் உட்கார விடவில்லை. நல்லதாக இருப்பதுதான் பொறி. ஸ்டெப் இல்லாத விடைக்கு அவள் வாழ்நாளில் மார்க்கு போட்டதில்லை, எந்த வேல்யுவேஷனிலும் போட மாட்டார்கள். அவள் சிவப்புப் பேனாவை எடுத்து, ஒன்று என்று போட்டு, வட்டம் போட்டாள். பேனா தாளைக் கொஞ்சம் கிழித்துவிட்டது.

டீயும் சுண்டலும் வந்தன. ஏ.சி.யை அணைத்தார்கள். கரஸ்பாண்டென்ட் ஐயா வெள்ளை வேட்டி சரசரக்க வந்து மேஜையின் தலைப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது, தீர்ப்பு சொல்ல வந்திருக்கிறார். தாரிணி ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு தாளை உருவினாள். ஆங்கில டீச்சர் ஏதோ சொன்னாள், ரத்தினவேலு சார் அளவுகோலைத் தப்பாகப் படித்துவிட்டு வழிந்தார், எல்லாரும் சிரித்தார்கள். அம்சவேணியின் கட்டிலிருந்து எதை உருவுவாள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அதைத்தான் உருவினாள்.

"இதுக்கு ஒண்ணு போட்டிருக்கீங்க மேடம். ஏன்னு சொல்றீங்களா?"

தாரிணியின் குரலில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. அம்சவேணி எழுந்தாள். உட்கார்ந்தே சொல்லலாம் என்றார்கள், அவள் நின்றாள்.

"ஸ்டெப் இல்லீங்க. வெறும் விடை எழுதியிருக்குது. படம் போட்டிருக்குது. நாங்க சொல்லிக்குடுத்த முறை எதுவுமே இதுல இல்லீங்க." நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "உண்மையைச் சொல்லப்போனா, இது பிள்ளைங்க எழுதினதாவே எனக்குப் படலீங்க. யாரோ பெரியவங்க எழுதிக் கலந்து வெச்சிருக்கறாங்கன்னு நெனைக்கறேன்."

தாரிணி முகம் விழுந்துவிட்டது. "ஐயோ மேடம், நாங்க எதுவும் கலக்கலை. எல்லாம் பிள்ளைங்க தாள்தான்." அவள் பின்னை நகத்தால் நெம்பினாள். மடிப்பு பிரிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டிருக்காது, அம்சவேணிக்குக் கேட்டது. தாரிணி பெயரைப் படித்துவிட்டுத் தாளை மெல்ல மேஜையில் வைத்தாள். பக்கத்தில் எட்டிப் பார்த்த ரத்தினவேலு சார்தான் சத்தமாகப் படித்தார்: "மிருதுளா, செவன் பி. ஏனுங் டீச்சர், இது நம்ம பாப்பாவுதுங்களே!"

அடுத்து நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. கை தட்டினார்கள். ஆங்கில டீச்சர்தான் முதலில் தட்டினாள், அப்புறம் எல்லாரும். பெத்த பிள்ளைக்கே ஒண்ணு போட்டிருக்காங்க பாருங்க, சலுகைங்கற பேச்சுக்கே இடமில்லை, இதைவிட என்ன வேணும் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். அவளுக்குப் படம் மட்டும் தெரிந்தது. அது வாய் அகன்ற பாத்திரம் இல்லை, அவள் வீட்டு மாவுத் தூக்குவாளி. காம்பு நீண்ட கரண்டி அவள் பிடுங்கி சிங்க்கில் எறிந்த நெய்க் கரண்டி. அம்மா இங்க பாரேன். பாப்பா கத்தினது விளையாட்டுக்கு இல்லை. கண்டுபிடித்துவிட்டுக் கத்தியிருக்கிறது.

"இதுதானம்மா நான் உங்க எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தது" என்றார் கரஸ்பாண்டென்ட் ஐயா. "மார்க்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, டீச்சருக்கு நேர்மை வேணும். ஜூன்ல இருந்து ஆறு, ஏழு, எட்டு மூணுக்கும் கணக்குப் பொறுப்பு அம்சவேணி டீச்சர்தான். என்னம்மா தாரிணி?"

"நான் அவங்க பேரைத்தாங்கய்யா அப்பவே சொல்லியிருந்தேன்" என்றாள் தாரிணி. அவள் இன்னும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா இந்தத் தாளை நான் கொஞ்சம் வேற மாதிரி..."

"மாத்திக்கலாங்களா?" என்று அம்சவேணி கேட்டாள். குரல் தனக்கே அடையாளம் தெரியவில்லை. "நான் தப்பாப் போட்டுட்டனுங்க. அது ஒண்ணு இல்லீங்க. காரணம் சரியாத்தான் எழுதியிருக்குது. எனக்குத்தான் பார்க்கத் தெரியலீங்க."

ஐயா சிரித்தார், அன்பாகத்தான் சிரித்தார். "விடுங்க டீச்சர். பெத்த மனசு, கேக்காது. பேரு தெரிஞ்ச பொறகு மாத்துனா நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. உங்களுக்குத்தான் கெட்ட பேரு." எல்லாரும் தலையாட்டினார்கள். சந்தேகப்படுகிறவர்களின் தலையாட்டல் எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், இவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை, அவளை ஒரு மத்தியானம் பூராவும் இவர்கள் யாரும் சந்தேகப்படவே இல்லை. வலை என்று ஒன்று விரித்தது அவள்தான், அதில் விழுந்ததும் அவள் வீட்டுப் பிள்ளைதான். தாரிணி மட்டும் நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்தாள், ஏதோ கேட்கப்போகிறவள் மாதிரி, பிறகு ஒன்று என்பதைப் பதிவுத் தாளில் ஏற்றிக்கொண்டாள். எழுபத்தொன்றாம் நம்பர் யாரோ தர்ஷன் என்கிற பையனுடையது.

பாப்பா போர்ட்டிகோ படியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிற கோழி லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவைக் கண்டதும் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டது. அம்சவேணி ஸ்கூட்டி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்வது? பாராட்டு கிடைத்தது என்பதா? யார் எவ்வளவு போட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்று விதி இருக்கிறது, அதை அவளும் சேர்ந்துதான் எழுதினாள். சொல்ல வேண்டாம். கேட்கலாம். கேட்பதற்கு விதி ஒன்றும் இல்லை. அவள் குனிந்து, பாப்பாவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, வகுப்பில் கேட்கிற குரல் வராதபடி பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"கண்ணு, அன்னைக்கு அந்தப் பேப்பர்ல... ஒன்றரையக் காலால வகுத்தா ஏன் ஆறு வருது?"

பாப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. அது அம்மாவின் கண்ணைப் பார்த்தது, கையைப் பார்த்தது, திரும்பவும் கண்ணைப் பார்த்தது. அம்மா ஒரு கேள்வி கேட்டால் அதற்குள் இன்னொன்று இருக்கும் என்று தெரிந்த பார்வை. அம்சவேணிக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும், காலையிலிருந்து அதை முகத்தில் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கும்மா கேக்கறே? தப்பா?"

"தப்பில்லை சாமி. சும்மா சொல்லு. உனக்கு எப்படித் தோணுச்சோ அப்படிச் சொல்லு."

பாப்பா பையைக் கீழே வைத்தது. இரண்டு கையையும் மார்புக்கு நேரே தூக்கியது. "எனக்குத் தெரியும்மா, சும்மாதான் படம் போட்டேன்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கையைத் திருப்பி இன்னொரு தட்டுத் தட்டி, கண்ணை அம்மாவின் முகத்தைவிட்டு எடுக்காமல், தப்பில்லாமல் சொன்னது: "குறியை மாத்து, பின்னத்தைக் கவுத்து, மேலயும் பெருக்கு, கீழயும் பெருக்கு."